அது வேற, இது வேற

"அது வேற மருந்து, இது வேற மருந்துக்கா" என்று நான் சொன்னது பொய்யா இல்லையா என்று இன்றுவரை என்னால் முடிவுக்கு வர முடியவில்லை.

கேட்டவர், குடியாத்தம் பக்கம் எங்கள் கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்த்துக் கொடுத்தவர். 2018 கடைசி. அவருடைய மாமனாரை வேலூரில் ஐசியூவில் சேர்த்திருந்தார்கள். சிறுநீர்த் தொற்றாக ஆரம்பித்து ரத்தத்துக்குப் போய்விட்டது. வழக்கமான எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் மசியவில்லை. நான் செத்த கோழிக் கணக்கை கார்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஷெட் வாசலில் கிடந்த காலி கோழி மருந்துப் பாக்கெட்டை எடுத்து, பர்ஸிலிருந்து மருந்துக்கடை பில்லையும் பிரித்து, இரண்டையும் என் முன்னால் நீட்டினார். "இன்னா சார், ரெண்டுலயும் கோலிஸ்டின்னு கீது?"

வேதியியல்படி என் பதில் சரி. குஞ்சுக்குத் தண்ணீரில் கலப்பது கோலிஸ்டின் சல்ஃபேட். மனிதருக்கு நரம்பில் ஏற்றுவது கோலிஸ்டிமெத்தேட் சோடியம். உப்பு வேறு, அளவு வேறு, விலையைக் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்த ஊசி மருந்து உடம்புக்குள் போய் கோலிஸ்டினாக மாறித்தான் வேலை செய்கிறது. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐசியூ வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்துவிட்டு, காலையில் கோழிக்குத் தீவனம் போட பஸ் பிடித்து வந்தவரிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சட்டப்படியும் தப்பில்லை. கோழி, மாடு, மீன் எதற்கும் கோலிஸ்டின் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது 2019 ஜூலையில்தான். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று டாக்டர்கள் ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்த ஆன்டிபயாட்டிக் அது. மற்றதெல்லாம் கைவிட்ட பிறகு வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தார்கள். அதைத்தான் நாங்கள் நோயே வராத குஞ்சுக்கு முன்னெச்சரிக்கையாக ஊற்றிக்கொண்டிருந்தோம்.

ஏன் என்று கேட்டால், ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி இடம். நாற்பது நாள் சுமாருக்கு இரண்டு கிலோ தாண்டியாக வேண்டும். வயிறு கெட்டால் தின்ற தீவனம் எடையாக மாறாது, ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தீவனம் என்ற கணக்கான எஃப்சிஆர் ஏறும். ஏறினால் வளர்ப்புக் கூலியில் பிடிப்பார்கள். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. ஷெட்டும் கரண்ட் பில்லும் பாடும் அந்த அக்காவுடையவை. மருந்தை நிறுத்தினால் முதல் அடி அவர் கூலிக்குத்தான். இதை என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

வாயால் கொடுக்கும் கோலிஸ்டின் குடலில் அதிகம் உறிஞ்சப்படாது, பெரும்பாலும் எச்சத்தோடு வெளியே வந்துவிடும். கோலிஸ்டினுக்குச் சாகாமல் தாங்கவைக்கும் மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்று 2015இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். பன்றியிலும் கறியிலும் நோயாளிகளிடமும் அது இருந்தது. இங்கே பேட்ச் முடிந்ததும் எச்சம் கலந்த உமி டிராக்டரில் ஏறி நெல்லுக்கும் வாழைக்கும் போகும். கோழி எருவுக்கு எப்போதும் கிராக்கிதான். குஞ்சு இறங்கிய முதல் வாரம் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள அந்த மாமனார்தான் ஷெட்டிலேயே படுத்துக்கொள்வார், அந்த உமியின் ஓரத்திலேயே ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு.

அவருக்கு வந்த கிருமி எங்கள் ஷெட்டிலிருந்து வந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. சொல்லப்போனால் எல்லாம் தலைகீழ்: கோலிஸ்டின் அவருக்கு வேலை செய்தது, வீடு திரும்பினார். அப்படியானால் நான் எதற்கு இதைக் கிளறிக்கொண்டிருக்கிறேன்? இன்னும் கொஞ்ச வருஷம் நாங்கள் ஊற்றியிருந்தால் அடுத்தவருக்கு அது வேலை செய்திருக்குமா என்று தோன்றுகிறது. அப்புறம், ஊரெல்லாம் ஊற்றியதற்கு நான் ஒருத்தன் எப்படிப் பொறுப்பு என்றும் தோன்றுகிறது.

தடை வந்ததும் கம்பெனி ஒரே சுற்றறிக்கையில் கோலிஸ்டினை நிறுத்தியது. குறை சொல்ல முடியாது. என் பைக் பெட்டியில் வேறு பாட்டில்கள் வந்தன. அக்கா ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதுல அது இல்லியே சார்?"

"இல்லக்கா" என்றேன். உண்மைதான். அதில் இருந்தது என்ரோஃப்ளாக்சசின். நமக்கு எழுதித் தரும் சிப்ரோஃப்ளாக்சசினுக்குப் பங்காளி. கோழியின் உடம்பில் கொஞ்சம் சிப்ரோவாகவே மாறவும் செய்யும். அவர் கேட்டது கோலிஸ்டினைப் பற்றி மட்டும்தான்.