மீந்த சோறு, மீந்த குழம்பு, காய்ந்த ரொட்டி: பால் தயிர் இல்லாமல் செய்து பார்த்தவை

மிச்சத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, அது எப்போது பிரிட்ஜுக்குள் போனது. புதுச்சேரி வீட்டுச் சமையலில் பால், தயிர், நெய் எதுவும் சேர்க்காமல் மீந்ததை மறுபடி சமைத்துப் பார்த்ததில், பலகாரம் தேறுவதும் கெடுவதும் இந்த இரண்டைப் பொறுத்தே இருக்கிறது. தயிர் ஊற்றிப் பிசைவதும் நெய் விட்டு வதக்குவதும் நம் சமையலில் பல குறைகளை மூடிவிடும். விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத வீகன் சமையலில் அந்த இரண்டும் இல்லை. ஈரத்தைச் சரியாகக் கையாளத்தான் வேண்டும்.

முதலில் சோறு. வேகவைத்தாலும் சாகாத பாக்டீரியா வித்துகள் அரிசியில் உண்டு. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் மதியச் சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள், சித்திரை வைகாசி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள், பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். ஆழமான குண்டானோடு அப்படியே வைத்தால் நடுவில் சூடு தங்கிவிடும்.

இரவுச் சோறு மீந்தால் பழைய சோறுதான் நல்ல வழி. புழுங்கலரிசிச் சோறு ஆறியதும், தாமதிக்காமல் மண்சட்டியில் போட்டு, சோற்றுக்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கும்படி தண்ணீர் ஊற்ற வேண்டும். முந்தைய நீராகாரம் இரண்டு கரண்டி இருந்தால் சேர்க்கலாம். புளிப்பு சீக்கிரம் ஏறும், வேறு கிருமிக்கு இடம் குறையும். கோடையில் எட்டு மணி நேரம் போதும். பன்னிரண்டு மணி நேரம் ஆனால் புளிப்பு மீறுகிறது. மோர் ஊற்றாமலே போதிய புளிப்பு இருக்கும். உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போதும். பிரிட்ஜில் இறுகிய சோற்றில் இது சரிவராது. குளிரில் மாவுச்சத்து கெட்டிப்பட்டுவிடுவதால் பருக்கை தண்ணீரை இழுக்காமல் நறநறவென்று நிற்கும்.

இறுகிய சோறு அடைக்கு ஆகும். இரண்டு கப் சோற்றை ஆவியில் மூன்று நிமிடம் வைத்து இளக்கிக் கையால் மசிக்கவும். மிக்ஸியில் அடித்தால் பசையாகி, அடை உள்ளே வேகாமல் பிசுபிசுக்கும். அரை கப் அரிசி மாவு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்துப் பிசையவும். தண்ணீர் தெளிக்க வேண்டாம், கையை நனைத்துக்கொண்டால் போதும். குக்கரில் குழைந்த சோறு என்றால் மாவு முக்கால் கப் ஆகும். எண்ணெய் தடவிய வாழையிலையில் கால் அங்குலக் கனத்துக்குத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, மிதமான தீயில் மூடி நாலு நிமிடம், திருப்பிப் போட்டு மூன்று நிமிடம். ஓரம் வெடித்தால் ஈரம் குறைவு. திருப்பும்போது தொய்ந்தால் மாவு குறைவு.

தயிர்ச்சோறு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு முந்திரித் தயிர். பக்கத்தில் பண்ருட்டி இருக்கும்போது முழு முந்திரி தேவையே இல்லை. உடைந்த துண்டு முந்திரி விலையும் குறைவு, அரைபடுவதும் எளிது. 100 கிராம் முந்திரியை மூன்று மணி நேரம் ஊறவைத்து, 300 மில்லி தண்ணீர் விட்டு மழமழவென்று அரைக்கவும், வடிகட்ட வேண்டாம். சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் நாலைந்து நிமிடத்தில் கெட்டிப்படும். கை விட்டால் அடிப்பிடிக்கும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், கழுவித் துடைத்த பச்சை மிளகாய்க் காம்பு ஆறேழு, தலைப்பகுதியோடு அமிழ்த்தி மூடி வைக்கவும். எட்டிலிருந்து பத்து மணி நேரத்தில் புளிக்கும். முதல் ஈட்டில் மிளகாய் வாசம் இருக்கும், புளிப்பும் மந்தமாக இருக்கும். அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து அடுத்த ஈட்டுக்கு உறை ஊற்றினால் ஆறு மணி நேரத்தில் நல்ல தயிர். மேலே இளஞ்சிவப்பு நிறம் தட்டினாலோ நூல் விட்டாலோ கொட்டிவிட வேண்டும், ருசி பார்க்கவே கூடாது. வேர்க்கடலையிலும் இதே முறைதான். தோல் நீக்கி அரைத்து வடிகட்டி, பச்சை வாசம் போகப் பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். முந்திரித் தயிர் நேரம் ஆக ஆக இறுகும். அதனால் ஒரு கப் மசித்த சோற்றுக்கு அரை கப் தயிர், அரை கப் தண்ணீர் என்று தளர்வாகப் பிசைந்து, நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, கறிவேப்பிலை தாளிக்கலாம்.

புளிக்குழம்பு மீந்தால் சுண்டவைப்பதை மிஞ்ச எதுவும் இல்லை. மண்சட்டியில் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, சிறு தீயில் பாதியாகும்வரை வைக்க வேண்டும். இரும்புச் சட்டி வேண்டாம். புளி இரும்பை அரித்துக் குழம்பு கறுக்கும், உலோகச் சுவை ஏறும். அளவு பாதியானால் உப்பு இரட்டிப்பாகத் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. கரித்தால் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, சுண்டவைத்த வேலையே வீண். வேகவைத்த உருளைக்கிழங்கோ கத்தரிக்காயோ சேர்க்கலாம். பச்சைக் கிழங்கைப் போட்டால் புளிப்பில் வேகாமல் விறைத்தே நிற்கும். சாம்பாரை மட்டும் சுண்டவைக்காதீர்கள், பருப்பு அடியில் தங்கித் தீய்ந்துவிடும். இரண்டு கப் சாம்பாரோடு ஒன்றரை கப் தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிட்டு, வறுத்த சம்பா ரவை ஒரு கப் போட்டு மூடி வைத்தால் இரவுச் சாப்பாடு ஆயிற்று.

புதுச்சேரிக்கே உரிய மிச்சம் ரொட்டி. பிரெஞ்சு ஆட்சி 1954-இல் முடிந்தும் நீள ரொட்டி இங்கே நிலைத்துவிட்டது. மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு மட்டும் சேர்ந்த ரொட்டி வீகன்; பன்னிலும் இனிப்பு ரொட்டியிலும் பால் அல்லது முட்டை இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். மீந்த ரொட்டியைப் பிரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். வெளியே வைத்தால் ஐப்பசி மழையில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் அன்றே தூளாக்குவது நல்லது. பிய்த்து, வெறும் வாணலியில் சிறு தீயில் பத்து நிமிடம் வறுத்து, நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் ஆவி அடங்கித் தூள் கட்டிப்படும்.

இந்தத் தூளும் மீந்த பொரியலும் சேர்ந்தால் கட்லெட். ஒன்றரை கப் முட்டைக்கோஸ் அல்லது பீன்ஸ் பொரியலைப் பிழிந்து, தோலோடு வேகவைத்து ஆறிய உருளைக்கிழங்கு இரண்டு, ரொட்டித்தூள் அரை கப், கரம் மசாலா கால் ஸ்பூன் சேர்த்துப் பிசையவும். தட்டி அரை மணி நேரம் பிரிட்ஜில் வைக்கவும். முட்டைக்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டி மைதாவைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, அதில் தோய்த்துத் தூளில் புரட்டித் தவாவில் இரண்டு பக்கமும் சிவக்க விடலாம். எண்ணெயில் உதிர்ந்தால் பெரும்பாலும் காரணம் கிழங்கு குடித்த தண்ணீர்தான். தேங்காய் போட்ட பொரியல் என்றால் முதலில் மோந்து பாருங்கள். மற்றதெல்லாம் நன்றாக இருக்கும்போதே தேங்காய் ஊசிப்போகும். அதை எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது.

புளித்துப்போன இட்லி மாவுக்கு, இரண்டு கப்புக்கு கால் கப் ரவை கலந்து பதினைந்து நிமிடம் ஊறவிட்டுக் குழிப்பணியாரம் ஊற்றலாம். பீர்க்கங்காய்த் தோலை எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கி, உளுத்தம்பருப்பு, மிளகாய், துளி புளியோடு கொரகொரப்பாக அரைத்தால் பணியாரத்துக்குத் துவையல். தோல் முற்றி நரம்பாக இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.