இறங்குவதற்கு முன் அவர் கேட்கும் கேள்வி

ஓய்வுபெற்ற முன்னணி தீயணைப்போர் ஒருவர் போன வாரம் காலமானார். காட்பாடி, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் ‘ஃபயர் சர்வீஸ் அண்ணன்’ என்றால் அவர்தான். பெயர் போட வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவரிடம் வேலை கற்ற இளைய வீரர்கள் சாவு வீட்டில் பேசியது, பெரும்பாலும் விஷவாயு தேங்கிய கிணற்றிலும் தொட்டியிலும் அவர் இறங்கவிடாமல் கையைப் பிடித்து நிறுத்திய ஆட்களைப் பற்றியே.

வட ஆற்காட்டு விவசாயக் கிணறுகள் பாறையைக் குடைந்தவை. 60, 70 அடி சாதாரணம். பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. மேலே இருக்கும் பம்பு தண்ணீரை இழுக்கிறது என்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் நீரைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. கணக்குப்படி 10 மீட்டர். உராய்வும் கசிவும் போனால் 7 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. அதனால்தான் தூர் வாரும்போது டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே திட்டில் வைத்து ஓட்டும் பழக்கம் வந்தது. புகை மேலே போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இன்ஜினை நிறுத்தப் போனவர் விழுவார். அவரைத் தூக்கப் போன தம்பி விழுவார். பாறைக்கு வெடி வைத்த பிறகு அவசரமாக இறங்கினாலும் இதே கதைதான்.

விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை அவர் கேலி செய்ததில்லை. அதன் எல்லையைச் சொல்லிக் கொடுத்தார். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது ஏறத்தாழ 16-க்கு இறங்கினால் சுடர் அணையும். ஆக, விளக்கு சொல்வது ஆக்சிஜன் குறைவை மட்டுமே. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு ஜம்மென்று எரியும். கழிவுநீர்த் தொட்டியில் விளக்கை இறக்கினாலோ, அங்கே தேங்கிய மீத்தேன் வெடிக்கலாம். வேப்பந்தழையைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்குவது வெறுங்கிணற்றில் கொஞ்சம் காற்றைப் புரட்டும். சேறு நிறைந்த தொட்டியில் அதைச் செய்தால் அடங்கிக் கிடந்த வாயுவையே கிளப்பிவிடுவோம்.

டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலையின் தொட்டி என்றால் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி: “கடைசியா உள்ள இன்னா ஊத்தினீங்க?” ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இந்தக் கேள்விக்கு உயிரின் மதிப்பு உண்டு. தோலில் மயிர் கழிக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். பின்னால் வரும் பிக்கிள் என்ற ஊறவைக்கும் வேலையில் அமிலம். இரண்டின் கழிவும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறும். கெட்ட முட்டை நாற்றம் வரும், ஆனால் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவிலேயே மூக்கு மரத்துப்போகும். ‘நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்று ஒருவர் சொல்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். இன்னும் சில மடங்கு ஏறினால் ஓரிரண்டு மூச்சிலேயே ஆள் சாய்வார். காற்றைவிடச் சற்றே கனமானது என்பதால் அடியில் தேங்கும். காலால் சேற்றை மிதித்தால் புதிதாகக் கிளம்பும். அதனால் வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் பார்க்கச் சொல்வார். ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே காட்டினால் மூச்சுக்கருவி இல்லாமல் யாருக்கும் அனுமதி இல்லை. ஊதுவிசிறியின் குழாய் அடிவரை போக வேண்டும். வாய்ப்பக்கம் வைத்து ஊதினால் மேல்காற்று மட்டும்தான் மாறும்.

மூச்சுக்கருவிக்கும் கணக்கு உண்டு. 6 லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம் என்றால் 1,800 லிட்டர் காற்று. பாடுபடும் வேலையில் நிமிடத்துக்கு 40 லிட்டர் செலவாகும் என்று வைத்தால் 45 நிமிடம். சுமார் 55 பாரில் கருவியின் எச்சரிக்கை விசில் அடிக்கும்; அப்போது மிச்சம் 8 நிமிடம்தான். மயங்கிய ஆளோடு ஏணியில் ஏற 8 நிமிடம் போதாது என்பது அவர் கணக்கு. விசிலுக்குக் காத்திராமல், மேலே நிற்பவர் கடிகாரத்தைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். தாடி வைத்திருந்தால் முகமூடி ஒட்டாது, காற்று கசியும். மேன்ஹோல் வாய் குறுகல் என்று சிலிண்டரைக் கழற்றிவிட்டு இறங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. சிலாபை உடைத்து வாயைப் பெரிதாக்கு, இல்லையென்றால் ஜேசிபி வைத்துப் பக்கச்சுவரைத் திற என்பார். ஆனால் உடைக்கும் முன் சுவருக்குப் பின்னால் எவ்வளவு சேறு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மறக்காது.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை மலக்குழியில் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் உயர்த்தியது. இருந்தும் இறக்குகிறார்கள். அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கயிற்று வேலையில் அவருக்குத் தனிக் கை. ஆளை இறக்கவும் தூக்கவும் சேர் நாட் என்ற இரட்டை வளைய முடிச்சு: பெரிய வளையம் முழங்காலுக்குப் பின்னால், சின்னது அக்குளுக்குக் கீழே. கயிற்றைக் கட்டப் புளியமரம் கிடைக்காவிட்டால் டிராக்டரின் பின் ஆக்சில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து. கல் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் நனைத்த சாக்கு. மாடு விழுந்தால் முதல் வேலை தலையை நீருக்கு மேல் நிறுத்துவது. பிறகு தீயணைக்கத் தண்ணீர் பாய்ச்சும் பழைய டெலிவரி ஹோஸ் ஒன்று முன்னங்காலுக்குப் பின்னால், இன்னொன்று பின்னங்காலுக்கு முன்னால். ஹோஸ் பட்டையாக இருப்பதால் பாரம் பரவும். கயிறு என்றால் தோலை அறுக்கும். கண்ணைத் துணியால் கட்டினால் மிரளாது. மணிலா கயிறு நனைந்தால் நிழலில்தான் காயவேண்டும். புரியைத் திருகிப் பிரித்து உள்ளே பொடி உதிர்கிறதா என்று பார்ப்பார். உதிர்ந்தால் அந்தக் கயிறு ஆளுக்கு ஆகாது.

தீத்தொண்டு வாரத்தில் பள்ளிகளுக்குப் போனால் 1944 ஏப்ரல் 14 பம்பாய்த் துறைமுகக் கப்பல் வெடிப்பைச் சொல்வார். பருத்திப் பொதியும் வெடிமருந்தும் ஒரே கப்பலில். தீயணைக்க நின்ற 66 வீரர்கள் வெடிப்பில் மாண்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்ற அவருடைய கேள்வி அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

101-க்கோ 112-க்கோ போன் செய்பவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் வகுத்து வைத்திருந்தார். ஊர் பெயரோடு ஒன்றியமும் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருக்கும். கிணறா, தொட்டியா, எத்தனை அடி, தண்ணீர் எவ்வளவு, எத்தனை பேர் உள்ளே, குரல் வருகிறதா, இன்ஜின் ஓடியதா, என்ன ஊற்றினார்கள். வண்டி வரும்வரை ஒருவர் வாயருகே நின்று மற்றவர்களைத் தடுக்க வேண்டும். அதற்குச் சொந்தக்காரரை நிறுத்தாதீர்கள், அவரே குதித்துவிடுவார். இன்னொருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டில் நிற்கட்டும். 4,500 லிட்டர் தண்ணீரோடு வரும் வண்டி கரும்புத் தோட்ட வண்டிப்பாதையில் திரும்பாது, மழை பெய்திருந்தால் சக்கரம் புதையும். எந்தப் பாதை தாங்கும் என்பதை ஊர்க்காரர்தான் காட்ட முடியும்.