ஊர் வாசலில் நிற்கிறவள்

எருசலேமுக்குப் போகிற நம்மவர் பெரும்பாலும் கல்லறை ஆலயத்தையும் ஒலிவ மலையையும் மனத்தில் வைத்துக்கொண்டு போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். ஆனால் ஆண்டவர் என்னை நீண்ட நேரம் நிறுத்தி வைத்த இடம், பழைய நகரத்தின் வடபுறத்தில் உள்ள தமஸ்கு வாசல்.

இன்று நாம் காணும் வாசலையும் மதிலையும் 1537 முதல் 1541 வரையிலான ஆண்டுகளில் சுல்தான் சுலைமான் கட்டுவித்தார். அதன் அடியில், தெருமட்டத்துக்குக் கீழே, ரோமப் பேரரசன் ஆத்ரியான் காலத்து வாசலின் வளைவு இன்னும் இருக்கிறது. அகன்ற படிகளில் இறங்கித்தான் வாசலை அடைய வேண்டும். அந்தப் படிகளில் கிராமத்துப் பெண்கள், பூவேலை செய்த நீண்ட அங்கி அணிந்து, திராட்சை இலைகளையும் புதினாக் கட்டுகளையும் சாக்கின்மேல் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முதிய தாய் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் பார்த்து விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மொழி புரியாவிட்டாலும் அழைப்பு புரிந்தது. சாம்பல் பச்சை நிறத்தில் மெத்தென்ற இலைகள் கொண்ட ஒரு கட்டை என் கையில் வைத்தார். மரியாளின் பெயரால் 'மர்யமிய்யா' என்று அங்கே வழங்கும் மூலிகை அது; தேநீரில் போடுவார்கள். விரலால் கசக்கியபோது எழுந்த கற்பூர வாசனையோடு வேதாகமத்தின் நீதிமொழிகள் 8-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது.

அந்த அதிகாரத்தில் ஞானம் தேவாலயத்துக்குள் அமர்ந்திருக்கவில்லை. ஊர் வாசல்களின் ஓரத்தில், நாற்சந்தியில் நின்று சத்தமிடுகிறது. அக்காலத்தில் ஊர் வாசல்தான் சந்தை, அதுவே நீதிமன்றம். வேதத்தில் போவாஸ் விதவையான ரூத்துக்காக வழக்குப் பேசியதும் பெத்லகேம் வாசலில்தான். மனிதர் கொடுக்கல் வாங்கலில் தடுமாறும் அந்த இடத்திற்கே ஞானம் தேடி வருகிறது.

'வருகிறது' என்று எழுதும்போது மனம் உறுத்துகிறது. எபிரெய மொழியில் ஞானத்தைக் குறிக்கும் 'ஹொக்மா' பெண்பாற்சொல். அதனோடு சேரும் வினைகளும் பெண்பால். ஆகவே அவள் நிற்கிறாள், அவள் கூப்பிடுகிறாள். தமிழில் ஞானம் அஃறிணையாகிவிட்டதால், "ஞானமானது வெளியே நின்று கூப்பிடுகிறது" என்று வாசித்து வாசித்து, அந்தப் பெண்ணின் முகத்தை நாம் காணாமலே கடந்துவிட்டோம். இத்தனைக்கும் ஞானம்மாள் என்று பெண்களுக்குப் பெயரிட்டு அழைத்த சமூகம் நாம்! "நீ என் சகோதரி" என்று ஞானத்தை நோக்கிச் சொல்லும்படி 7-ஆம் அதிகாரம் கற்பிப்பதன் நெருக்கம் அந்தப் படிகளில்தான் எனக்குப் புரிந்தது.

9-ஆம் அதிகாரம் இன்னும் நெஞ்சைத் தொடுவது. ஏழு தூண்கள் வைத்து வீட்டைக் கட்டி, பந்தியை ஆயத்தப்படுத்தி, பணிப்பெண்களை அனுப்பி அவள் அழைக்கிறாள். அதே அதிகாரத்தில் மதியற்ற இன்னொரு பெண்ணும் வாசற்படியில் உட்கார்ந்து, பேதையானவன் இங்கே வரட்டும் என்று, சொல்லுக்குச் சொல் அதே அழைப்பை விடுக்கிறாள். குரலைக் கொண்டு பிரித்தறிய வழியில்லை. பரிமாறுவதைத்தான் பார்க்க வேண்டும். ஒருத்தி தன் அப்பத்தையும் தான் வார்த்த திராட்சரசத்தையும் வெளிப்படையாகத் தருகிறாள். மற்றவளோ திருட்டுத் தண்ணீரும் அந்தரங்கத்தில் தின்னும் அப்பமும் இனிது என்கிறாள். வியாபாரிகளின் குரலும், வண்டி தள்ளும் பையன்களின் அதட்டலும், தொழுகை அழைப்பும் ஒன்றோடொன்று கலந்த அந்த வாசலில், எத்தனை அழைப்புகளுக்குப் பின்னால் பந்தியைப் பாராமலே போயிருக்கிறேன் என்று எண்ணிக் கண் கலங்கினேன்.

புறப்படும் நாளன்று விடியற்காலை ஜெபத்தில் வேதம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. முதலாம் அதிகாரம் 20-ஆம் வசனத்தை எடுத்து, "ஞானம் வெளியே நின்று கூப்பிடுகிறாள்" என்று வாசித்தேன். யாரும் திருத்தவில்லை. குழுவில் எல்லாருக்கும் மூத்த அம்மா ஒருவர் மட்டும், கண்களை மூடியபடியே, "கூப்பிடுகிறாள்" என்று ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார்.