கேம் ஆடற பசங்களுக்கும் சங்கம் வேணுமுங்க

எங்க திருப்பூர்ல பனியன் கம்பெனி கூலிய எப்படி முடிவு பண்றாங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், தொழிற்சங்கங்களும் முதலாளிங்க சங்கமும் உக்காந்து பேசி ஒப்பந்தம் போடுவாங்க. ஆனா அதே ஊர்ல பிஜிஎம்ஐங்கற மொபைல் ஷூட்டிங் கேமுக்கு சம்பளம் வாங்கி டீம்ல ஆடற சின்னப் பையனுக்காக யாருங்க பேசறது? கான்ட்ராக்ட் இங்கிலீஷ்ல வருது, எத்தன வருசம், பரிசுப் பணத்துல பங்கு எவ்ளோ, ஸ்ட்ரீமிங் வருமானம் யாருக்கு, ஒண்ணும் கேக்காம கையெழுத்து போட்டுடறான்.

2022 ஜூலைல அந்த கேமையே ஆப் ஸ்டோர்ல இருந்து தூக்கிட்டாங்க, திரும்பி வர 2023 மே ஆச்சு. அப்படி ஒரு நேரத்துல சம்பளம் நிக்குமா வருமான்னு எழுத்துல இருக்கோணும், எனக்கு பரிசுப் பணத்த விட இதுதான் பெருசு.

கவுன்டர் ஸ்ட்ரைக்ங்கற கம்ப்யூட்டர் கேம் ஆடறவங்க 2018லயே சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க. கொரியாவுல 2019ல ஒரு மைனர் பையனோட கான்ட்ராக்ட் பெரிய சர்ச்சையாகி, அப்புறம் அரசாங்கமே மாதிரி ஒப்பந்தம் கொண்டு வந்துச்சு. அமெரிக்காவுல லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ங்கற கேமுக்கு லீக் போட்டி நடத்தற ரயட் கம்பெனியே 2017ல காசு குடுத்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அந்த வழில எனக்கு நம்பிக்கை இல்லீங்க, சந்தா நம்ம பசங்களே போடோணும்.

அதுவரைக்கும் கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க கண்ணுகளா.