கீரிமலையில் முழுகி அடைத்த காது: குறும்பி எடுத்த அனுபவம்

கீரிமலைக் கேணியில் முழுகி எழும்பியதும் வலது காது அடைத்துவிட்டது. தலையைச் சரித்துத் துள்ளிப் பார்த்தும் போகவில்லை, என் குரலே தலைக்குள் இருந்து கேட்டது. அடுத்த நாளும் அப்படித்தான். அம்மா தேங்காயெண்ணெயைச் சூடாக்கி விடுவம் என்றா, பக்கத்து வீட்டு மாமி கொண்டை ஊசியோடு வந்தா. இரண்டுக்கும் மாட்டேன் என்றுவிட்டு, யாழ்ப்பாண ரவுணில் காது மூக்கு தொண்டை டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணிப் போனேன்.

லைற் அடித்துப் பார்த்தவர், "குறும்பிதான், தண்ணியில ஊறிப் பொங்கிப் போச்சு" என்றார். இசைக்கவையை, அதாவது தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவையை, தட்டி நெற்றியில் வைத்தபோது சத்தம் அடைத்த காதில்தான் பெரிதாகக் கேட்டது. நரம்பில் பிழையில்லை, வழிதான் அடைபட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளமாம்.

குறும்பியை நாங்கள் ஊத்தை என்றே நினைக்கிறோம், அது தவறு. காதுக் குழாய் ஏறக்குறைய 2.5 சென்டிமீற்றர் நீளம், அதன் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் உள்ள சுரப்பிகள்தான் இதைச் சுரக்கின்றன. தோல் காயாமல் காக்கும், தூசியைப் பிடித்து வைக்கும், கொஞ்சம் அமிலத்தன்மை இருப்பதால் கிருமியும் பூஞ்சணமும் லேசில் வளராது. குழாயின் தோல் செவிப்பறையிலிருந்து மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து பழைய குறும்பியைத் தானே கொண்டுவந்து விடுகிறது, நாங்கள் சாப்பிடும்போதும் கதைக்கும்போதும் அசையும் தாடையும் அதற்கு உதவி. பஞ்சுக் குச்சி விட்டால் குறும்பி வந்த வழியே திரும்ப உள்ளே போய் இறுகும்.

அன்றே எடுக்கவில்லை. சோடியம் பைகாபனேற் துளிமருந்து தந்தார், விட்டுவிட்டுச் சரிந்து படுக்கவேண்டும். முதலில் அடைப்பு கூடும், பயப்படாதீர்கள், குறும்பி ஊறுகிறது.

திரும்பப் போனபோது செவிப்பறையில் ஓட்டை, சீழ், சத்திரசிகிச்சை ஏதும் இருந்ததா என்று கேட்டுத்தான் தொடங்கினார்கள், ஊறிய குறும்பியைக் காதுக்குள் தண்ணீர் அடித்துத்தான் வெளியே எடுப்பார்கள், இவை இருந்தால் அப்படி அடிக்கக் கூடாது. தண்ணீர் உடம்புச் சூட்டில் இருக்கவேண்டும், கூடினாலும் குறைந்தாலும் தலை சுற்றும். நேர்ஸ் காதுக்குக் கீழே தட்டைப் பிடிக்க, டொக்டர் காதை மேலே பின்னால் இழுத்து, செவிப்பறைக்கு நேரே அல்லாமல் குழாயின் மேற்சுவரில் படும்படி அடித்தார். இடையில் எனக்கு இருமல் வந்தது, காதுக்கும் தொண்டைக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் சிலருக்கு அப்படி வருமாம். கறுப்புக் கட்டி ஒன்று விழுந்தது, உடனேயே வெளியே ஓட்டோ ஹோண் காதைப் பிளந்தது.

இடது காதையும் துப்பரவாக்கச் சொல்லிக் கேட்டேன். அதிலும் குறும்பி இருக்கிறது, ஆனால் செவிப்பறை வடிவாகத் தெரிகிறது, அதைத் தொடத் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்.