கொக்கோ டப்பாவில் ஒரு வாழ்க்கை

3 மார்ச் 2024

நெல்சன் மண்டேலாவின் தன்வரலாற்றை மீண்டும் எடுத்து, அவர் அடைபட்டிருந்த ராபன் தீவுச் சிறை பற்றிய அத்தியாயங்களிலேயே நின்றுவிட்டேன். 1964இல் அவர் அங்கே சென்றபோது ஆறு மாதத்திற்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு என்பதே விதி. வந்த கடிதத்திலும் தணிக்கை வெட்டியது போக மிஞ்சியதுதான் கைக்குக் கிடைக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் தம் வாழ்க்கையை எழுதத் துணிந்தார் என்பது, அவர் எழுதியவற்றுக்கு நிகராக என்னை உலுக்குகிறது.

5 மார்ச் 2024

எழுதச் சொன்னவர்கள் சக கைதிகளான வால்டர் சிசுலுவும் அகமது கத்ராடாவும். 1978இல் வரவிருந்த அறுபதாம் பிறந்தநாளுக்குள் நூல் வெளிவர வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். 1974இல் தொடங்கிய மண்டேலா, இரவெல்லாம் எழுதிப் பகலில் உறங்கி, நான்கே மாதங்களில் முதல் வரைவை முடித்தார். எழுதிய தாள்களைக் கத்ராடா படித்துச் சிசுலுவுக்கும் வாசித்துக் காட்டுவார். இருவரின் கருத்துகளும் ஓரத்தில் குறிக்கப்படும். பிறகு இன்னொரு சக கைதியான லாலூ சிபா பத்து முழுத்தாள்களில் இருந்ததை ஒரு சிறு தாளில் அடங்கும்படி நுண்ணிய எழுத்தில் படியெடுப்பார். தம் பெயர் அட்டையில் வராத ஒரு நூலுக்காக, பிடிபட்டால் தண்டனை என்று தெரிந்தே, அந்தக் கை எத்தனை இரவுகள் வலித்திருக்கும்! இதை ஒருவரின் நூல் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் படியை நோட்டுப் புத்தகங்களின் கட்டுக்குள் மறைத்து, 1976இல் விடுதலையான மேக் மகராஜ் வெளியே கொண்டுபோனார்.

8 மார்ச் 2024

மூலப்பிரதியைக் கொக்கோ டப்பாக்களில் அடைத்துச் சிறை முற்றத்துத் தோட்டத்தில் புதைத்திருந்தார்கள். சுவர் கட்டுவதற்காக அங்கே மண்ணைத் தோண்டத் தொடங்கியதும், அவசரமாகச் சிலவற்றை எடுத்து அழித்தார்கள். எஞ்சியது அதிகாரிகளிடம் சிக்கியது. கையெழுத்துகளே சாட்சியாகிவிட்டதால் மண்டேலா, சிசுலு, கத்ராடா மூவரும் நான்கு ஆண்டுகளுக்குப் படிக்கும் சலுகையை இழந்தார்கள். கல் உடைக்க வைத்ததைவிடவும் கொடிய தண்டனையாக எனக்கு இது படுகிறது. அஞ்சல் வழிப் படிப்புதான் அவர்களுக்கு அந்தத் தீவிலிருந்து திறந்திருந்த ஒரே சன்னல்.

நினைத்தபடி 1978இல் நூல் வரவில்லை. அது அச்சேறியது 1994இல், அவர் குடியரசுத் தலைவரான ஆண்டில். நன்றியுரையில் சிசுலு, கத்ராடா, மகராஜ், சிபா நால்வரின் பெயர்களும் இருக்கின்றன. முன்பு வேகமாகப் புரட்டிச் சென்ற அந்தப் பக்கத்தை இன்று இரண்டு முறை படித்தேன்.