காதில் விழுந்த பதினேழு

அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: அட்டாவதானி. சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டே போன் பேசுவேன். போன் பேசிக்கொண்டே மெயிலுக்குப் பதில் போடுவேன். பக்கத்து மேசையில் யாராவது சந்தேகம் கேட்டால் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிடுவேன். கிண்டலாகத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். நான்தான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதக் கடைசியில் அந்தப் பெயர் போனது.

அன்று செய்துகொண்டிருந்தது பெரிதாக மூளையைக் கேட்காத வேலை. வருகைப் பதிவைப் பார்த்து, யாருக்கு எத்தனை நாள் எல்.ஓ.பி. என்று எக்செல்லில் ஏற்ற வேண்டும். எல்.ஓ.பி. என்றால் சம்பளமில்லா விடுப்பு. முக்கால்வாசிப் பேருக்கு பூஜ்யம்தான், அங்கங்கே ஒன்று, இரண்டு வரும். ஒருவருக்கு மட்டும் மூன்று நாள். அவருடைய கட்டத்தில் கர்சரை வைத்த நேரம் பார்த்து போன் அடித்தது. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு "சொல்லுங்க" என்றேன். "புதுசா சேர்ந்தவங்க பதினேழு பேருக்கு இன்னும் ஐடி கார்டு வரலை சார்." "பதினேழா? சரி, பார்க்கிறேன்."

சொல்லி முடிக்கும்போதே விரல் 1, 7 தட்டி என்டரையும் அழுத்திவிட்டது. கர்சர் அடுத்த வரிசைக்கு இறங்கியது, நானும் கூடவே இறங்கிவிட்டேன்.

சம்பளம் ஏறிய அன்று அவர் என் மேசைக்கு வந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "நான் மூணு நாள்தானே சார் லீவு எடுத்தேன்?" என்று தணிந்த குரலில் கேட்டார். பாதிச் சம்பளத்துக்கு மேல் பிடித்திருந்தது. பட்டியலை யார் சரிபார்த்தது என்று மேலாளர் கேட்டார். அதுவும் நான்தான், வேறொரு அழைப்புக்கு நடுவில். திருத்தி, ஒப்புதல் வாங்கி, பணம் அவர் கணக்குக்குப் போய்ச் சேர மூன்று வேலை நாள் ஆனது. அந்த மூன்று நாளும் வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்க முகமில்லை.

கை ஏன் அந்த எண்ணைத் தட்டியது என்பதுதான் எனக்கு வெகுநாள் உறுத்தியது. நடந்துகொண்டே பேச முடிகிறது, துணி மடித்துக்கொண்டே பாட்டுக் கேட்க முடிகிறது. ஒரு எண்ணைத் தட்டும்போது இன்னொரு எண்ணைக் காதில் வாங்கினால் மட்டும் இரண்டும் மோதிக்கொள்கின்றன. இரண்டுக்கும் மூளையில் ஒரே வாசல் போலிருக்கிறது. 1953-இல் காலின் செர்ரி என்பவர் ஒரு சோதனை செய்தார். இரண்டு காதிலும் வெவ்வேறு பேச்சை ஓடவிட்டு, ஒரு காதில் கேட்பதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்ல வைத்தார். மற்றக் காதில் ஆண் குரல் போய்ப் பெண் குரல் வந்ததைக் கண்டுபிடித்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் தெரியவில்லை. நான் வாசலை போனுக்குத் திறந்துவைத்திருந்தேன். அது வழியாக வந்ததைக் கை எழுதிவிட்டது, அவ்வளவுதான்.

சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இன்னொன்று சொன்னார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால், கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறதாம். கவன எச்சம் என்று தமிழில் சொல்லலாம். இதைப் படித்தபோது பள்ளியில் படித்த வினையெச்சம் ஞாபகம் வந்தது. பேசி, திறந்து, தேடி, தட்டி... என் அலுவலக நாள் முழுக்க இப்படித்தான் ஓடியிருக்கிறது. முற்று எங்கேயும் வரவில்லை. சாயங்காலம் வந்த அலுப்பு செய்த வேலையால் வந்ததா, முடிக்காத வேலையால் வந்ததா என்றுகூடப் பிரித்துச் சொல்ல முடியாது.

பழகினால் சரியாகிவிடும் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அதே 2009-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், ஒரே நேரத்தில் பல திரைகளையும் செய்திகளையும் மேய்கிறவர்களைச் சோதித்தார்கள். தேவையில்லாததை ஒதுக்குவதில் மற்றவர்களைவிட அவர்கள் மோசம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதிலும் பின்தங்கினார்கள். தாவுவதே பிழைப்பாக இருந்தவன் என்பதால் எனக்கு அது வலித்தது. எட்டுப் பேர் கேட்பதற்குப் பதில் சொல்லும் உண்மையான அவதானிகூட, கேட்பவர்களை முறை வைத்து ஒவ்வொருவராகத்தான் கவனிக்கிறார். அவருடைய வித்தை நினைவில் இருக்கிறது. எனக்கு வைத்த பெயரே தப்பு.

வேலை விளம்பரங்களில் 'ஒரே நேரத்தில் பல பணிகளைக் கையாளும் திறன்' என்று கேட்பதைப் பார்த்தால் இப்போது சிரிப்பு வருகிறது. மூன்று பேர் வேலைக்கு ஒருவரை எடுக்கப் போகிறார்கள் என்று நான் படித்துக்கொள்கிறேன்.

விமானம் 10,000 அடிக்குக் கீழே இருக்கும்போது விமானிகள் அநாவசியமாகப் பேசக் கூடாது என்று அமெரிக்காவில் 1981-லேயே விதி போட்டிருக்கிறார்கள். இதை மேலாளரிடம் சொல்லி, பட்டியல் ஏற்றும் ஒரு மணி நேரம் என் போனைப் பக்கத்து மேசைக்குத் திருப்பிவிடக் கேட்டேன். "நீங்க என்ன பிளேனா ஓட்டறீங்க?" என்றார். அப்புறம் ஒத்துக்கொண்டார்.

மற்ற நேரங்களுக்குத் துண்டுச் சீட்டு. யாராவது கூப்பிட்டால், திரும்பும் முன் நின்ற இடத்தை எழுதிவைக்கிறேன்: 'வரிசை 143, நாள் பார்த்தாச்சு, ஏற்றவில்லை.' பத்து விநாடி வேலைதான். காத்திருப்பவருக்கு அந்தப் பத்து விநாடி பெரிதாகத் தெரிகிறது, அதனால் சில நாள் எழுதாமலே திரும்பிவிடுகிறேன். நேற்றைய சீட்டு ஒன்று இப்போது முன்னால் கிடக்கிறது. என் கையெழுத்துதான். 'அவரிடம் கேட்கணும்' என்று மட்டும் இருக்கிறது. போனை எடுத்த பிறகு எழுதியிருப்பேன் போல. யாரிடம், என்ன என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.